பெரியவருக்கு வீடு பார்த்தது

மார்ச் 3, செவ்வாய்

இன்று அங்கே இருந்தவர்கள்: காப்பகத்து மேனேஜர் அம்மா, நாற்காலியில். நாய் டாக்டர், நின்றுகொண்டு. வேன் ஓட்டுகிறவர், கதவில் சாய்ந்து பல் குத்திக்கொண்டு. நான், கையில் விளக்குமாறோடு. பெரியவர், கூண்டுக்குள்ளே, எங்கள் நாலு பேருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு.

யார் யார் இருந்தார்கள் என்று எழுதி வைப்பது என் வழக்கம். பிற்பாடு ஒருவரும் "நான் அங்கே இல்லையே" என்று சொல்லக் கூடாது.

கட்டடக்காரர் பின்பக்கத்து முற்றத்தைத் திருப்பிக் கேட்கிறாராம். ஒரு வரிசைக் கூண்டை இடித்துவிடுவார்களாம். மற்ற நாய்களை இடுக்கி முடுக்கி வைத்துக்கொள்ளலாம். பெரியவருக்குத்தான் இடமில்லை. வயது பதினொன்று, சர்க்கரை வியாதி, ஒரு கண்ணில் பூ விழுந்துவிட்டது, பின்னங்கால் இழுக்கிறது. இந்த மாசம் முப்பத்தொன்றுக்குள் யாராவது எடுத்துக்கொண்டு போனால் சரி.

"இல்லேன்னா கஷ்டப்படுத்தாம அனுப்பிடலாம்" என்றாள் மேனேஜர்.

எங்கே அனுப்புவாள்? பஸ்ஸில் ஏற்றி விடுவாளா? கொல்வது என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. டாக்டர் தரையைப் பார்த்தார். வேன்காரர் பல் குத்துவதை நிறுத்தினார், அவ்வளவுதான்.

நான் சொன்னேன்: "நான் ஆள் பார்க்கிறேன்."

"பாருங்கம்மா, யார் வேண்டாங்கறா" என்றாள். எட்டு வருஷமாக அவள் காப்பகத்தைக் கழுவுகிறேன். ஒரு தடவைகூட என்னை உட்காரச் சொன்னதில்லை. அதுவும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

மார்ச் 5, வியாழன்

பெரியவரைப் பற்றி எழுத வேண்டும்.

பெயர் வைத்தது வேன்காரர். கொண்டுவந்த அன்றைக்கே அவர் கையைக் கடித்துவிட்டு, வண்டியிலிருந்து இறங்க மாட்டேன் என்று உட்கார்ந்திருந்ததாம். "பெரியவரே, கொஞ்சம் மனசு வைங்க" என்று கும்பிட்டிருக்கிறார். அதிலிருந்து எல்லாருக்கும் அவர் பெரியவர்தான். நாய்க்கு என்ன மரியாதை என்று கேட்பவர்கள் ஒருநாள் வந்து அவர் முகத்தைப் பார்க்கட்டும். கேட்டது கேட்டபடி வாயை மூடிக்கொள்வார்கள்.

வளர்த்தவர்கள் வீடு மாறினார்களாம். புது வீட்டில் சோபா புதுசாம். பத்து வருஷம் வைத்திருந்தவர்கள். போன வருஷம் ஒரு குடும்பம் எடுத்துக்கொண்டு போய் ஒன்பதாம் நாள் திருப்பிக்கொண்டு வந்தது. "மூத்திரம் போகுது" என்றாள் அந்தப் பெண், என்னவோ நாய் என்றால் பன்னீர் பெய்யும் என்று நினைத்திருந்தவள் மாதிரி. அந்த ஒன்பது நாளுக்கு அப்புறம் பெரியவர் மேனேஜரின் முகத்தைப் பார்ப்பதே இல்லை. அவள்தானே அனுப்பி வைத்தாள். அது எனக்குப் பிடித்திருக்கிறது.

காலை ஆறு, சாயங்காலம் ஆறு. சாப்பிட்டு முடித்ததும் இன்சுலின் ஊசி. டாக்டர் எனக்குத்தான் கற்றுக்கொடுத்தார், மற்றவர்கள் பக்கத்தில் போனால் உறுமுகிறார் என்பதால். கழுத்துத் தோலைக் கூடாரம் மாதிரி தூக்கிப் பிடித்து, அதற்குள். ஊசி போட்டதும் கூண்டில் தொங்குகிற பலகையில் சாக்பீஸால் ஒரு கோடு. கோடு இருந்தால் போட்டாயிற்று, இல்லையென்றால் போடவில்லை. "ஒரு வேளை விட்டுப்போனா பரவாயில்லம்மா. ரெண்டு தடவை போட்டுட்டா ஆள் காலி" என்று டாக்டர் முதல் நாளே சொன்னார். கோடு கிழிக்க நான் மறந்ததில்லை.

மார்ச் 8, ஞாயிறு

பார்க்க வருகிற நாள். ஆறு குடும்பங்கள் வந்தன.

ஒரு அம்மாள், கழுத்து நிறைய நகை. "ஃபோட்டோல சின்னதா அழகா இருந்துச்சே" என்றாள். அந்தப் படம் பெரியவருக்கு நாலு வயதில், வளர்த்தவர்கள் எடுத்தது. போட்டது மேனேஜர்.

ஒரு பெரிய மனுஷன் குனிந்து பெரியவர் உதட்டை விரலால் இழுத்துப் பல் பார்த்தான். என்னைத் திரும்பிப் பார்த்து, "இன்னும் எவ்ளோ நாள் தாங்கும்?" என்றான்.

"உங்களுக்கு எவ்ளோ நாள்னு உங்க மருமககிட்ட கேட்டுட்டு வாங்க. அதைவிட ரெண்டு நாள் கூட இவர் இருப்பார்."

அவன் போய் மேனேஜரிடம் சொன்னான். மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "நீங்க ஆள் பார்க்கிறீங்களா, ஆளை விரட்டுறீங்களா?" என்றாள்.

பெட்டை நாய்கள் இரண்டும், குட்டி ஒன்றும் போய்விட்டன. பெரியவர் நாள் முழுக்கத் திரும்பிப் படுத்திருந்தார்.

மார்ச் 9, திங்கள்

ஒருவரும் இல்லை.

மார்ச் 12, வியாழன்

மகளிடம் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"அம்மா, அவருக்கு ஆஸ்துமா. தெரிஞ்சும் கேக்கறியே."

தெரியும். மாப்பிள்ளை இழுக்கிற இழுப்பு பக்கத்து அறையில் எனக்குத்தான் கேட்கிறது. "பால்கனியில வெச்சுக்கறேன். உள்ளே விட மாட்டேன்" என்றேன்.

"மூணாவது மாடி. அதுக்குக் காலும் வரலேங்கற. யார் தூக்கிட்டு இறங்கறது? உனக்கே படி ஏறினா அஞ்சு நிமிஷம் பேச்சு வரதில்ல."

மாப்பிள்ளை டிவியைப் பார்த்துக்கொண்டே, "அத்தையோட சம்பளத்துல ஒரு லிஃப்ட் போட்டுக்கலாம்" என்றார். இரண்டு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இன்றைக்கு வியாழக்கிழமை, ராத்திரிச் சாப்பாட்டு நேரம், மூன்று பேர் இருந்தோம். எழுதிவிட்டேன்.

மார்ச் 18, புதன்

இன்னும் பதின்மூன்று நாள். டாக்டர் வந்திருந்தார். பெரியவர் காதைத் துடைத்துக்கொண்டே, "ஊசி போடத் தெரிஞ்ச ஆளா இருக்கணும், தனியா இருக்கறவங்களா இருந்தா நல்லது. மாடி இருக்கக் கூடாது. வெளியூர் அடிக்கடி போகக் கூடாது" என்று அடுக்கினார். கல்யாணத்துக்கு வரன் சொல்கிற மாதிரி.

வேன்காரர் சட்டென்று, "அப்படி ஒருத்தர் இருக்காங்களே. உங்க தங்கச்சி!" என்றார்.

எனக்கு வாளியைத் தூக்கி அவர் தலையில் கவிழ்க்க வேண்டும் போலிருந்தது.

"ரிட்டயர் ஆன நர்ஸ். தனி வீடு, கீழ்வீடு. எங்க அம்மாவுக்கு அவங்கதானே ஊசி போட வந்தாங்க. தங்கமான மனுஷி."

தங்கம். இருக்கட்டும்.

மார்ச் 19, வியாழன்

தூக்கமில்லை. இதை எழுதிவிட்டால் அடங்கும்.

கூடப் பிறந்தவளோடு நான் பேசி இருபத்தொன்பது வருஷம் ஏழு மாசம். காரணம் கேட்பவர்களுக்கு நான் சொன்னதில்லை. சொன்னால் சிரிப்பார்கள்.

என்னை நாலாவது வகுப்பில் நிறுத்தினார்கள், அவளைப் பார்த்துக்கொள்ள. அவள் படித்தாள். என் வீட்டுக்காரர் ஆறு வருஷம் கப்பலில் இருந்தார். எனக்கு எழுத்துக் கூட்டவே கஷ்டம். நான் சொல்லச் சொல்ல அவள்தான் கடிதம் எழுதுவாள். அவர் திரும்பி வந்தபோது கடிதக் கட்டைப் பத்திரமாகக் கொண்டுவந்தார். ஒரு சாயங்காலம் ஒன்றை எடுத்துப் படித்தார். 'மழை வரும்போதெல்லாம் உங்கள் சட்டையைப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்கிறேன்.' நான் சொன்னது, சட்டை இரண்டை எலி கடித்துவிட்டது, வரும்போது வாங்கி வரவும் என்று.

ஆறு வருஷத்துக் கடிதமும் அப்படித்தான். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "கடிதாசியில இருந்தவ எங்கே போனா?" என்றார். விளையாட்டாகத்தான் கேட்டார். சாகிற வரைக்கும் அந்த விளையாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அவளிடம் போய்க் கேட்டேன். குழாயடியில் அஞ்சு பெண்கள் இருந்தார்கள், யார் யார் என்று இப்போதும் சொல்வேன். அவள் சொன்னாள்: "நீ சொன்னதை எழுதியிருந்தா மாமா கப்பல்லயே தங்கியிருப்பார்."

அஞ்சு பேரும் சிரித்தார்கள். அதுதான் கடைசிப் பேச்சு.

அப்புறம் மகளுடைய பள்ளிக்கூடப் புத்தகத்தை வைத்துக்கொண்டு நானே எழுதப் படித்தேன். என் எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். இருந்தால் என்ன? நான் சொல்ல நினைத்ததைச் சொல்லும்.

மார்ச் 22, ஞாயிறு

போனேன்.

வேன்காரர், நான், பெரியவர். அவள் கதவைத் திறந்தாள். தலை முழுக்க வெளுத்துவிட்டது. என்னைப் பார்க்கவில்லை. பெரியவரைப் பார்த்துச் சொன்னாள்:

"வாங்க பெரியவரே. உங்களைக் கூட்டிட்டு வந்தவங்களைச் செருப்பை வெளியே விடச் சொல்லுங்க."

நானும் குனிந்து அவர் காதில் சொன்னேன்: "பெரியவரே, செருப்பை விட்டாச்சு. இந்த வீட்டுல உக்கார இடம் உண்டான்னு கேளுங்க."

"நாற்காலி இருக்கு. கண்ணும் இருக்குன்னு நினைக்கிறேன்."

வேன்காரர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார், தோள் குலுங்கிற்று. அரை மணி நேரம் அப்படியே பேசினோம். வியாதி என்ன, ஊசி எத்தனை அளவு, என்ன சாப்பிடும், எல்லாம் நாய் வழியாக. கடைசியில் அவள், "பெரியவரே, உங்களை வெச்சுக்கறதுல எனக்கு ஒண்ணும் கஷ்டமில்ல. ஆனா கேக்க வேண்டியவங்க வாயால கேக்கணும்" என்றாள்.

வேன்காரர் இருந்தார். ஜன்னல் திறந்திருந்தது. பக்கத்து வீட்டுக்காரி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"வெச்சுக்கோ" என்றேன்.

"காதுல விழலையே பெரியவரே."

"வெச்சுக்கோன்னு கேக்கறேன்."

பெரியவர் போய் அவள் காலடியில் படுத்துக்கொண்டார். யாரிடமும் போகாதவர்.

மார்ச் 26, வியாழன்

காகிதத்தில் கையெழுத்தாகிவிட்டது. பொறுப்பு என்ற இடத்தில் மேனேஜர் என் பெயரைப் போட்டாள். "ஏதாவது ஆச்சுன்னா நீங்கதான். உங்க வேலைக்கும் நான் பதில் சொல்ல முடியாது" என்றாள். சரி என்றேன்.

காலை ஊசி அவள். சாயங்காலம் அவள் ஒரு கிளினிக்கில் நாலிலிருந்து எட்டு வரை வேலை பார்க்கிறாள், அதனால் சாயங்காலம் நான். சாவி ஒன்று கொடுத்தாள். கையில் கொடுக்கவில்லை, நாயின் கழுத்துப் பட்டையில் மாட்டி விட்டாள், நான் எடுத்துக்கொண்டேன்.

முப்பத்தொன்று வரட்டும், போகட்டும். பெரியவர் இருக்கிறார்.

ஏப்ரல் 2, வியாழன்

ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறாள். தேதி, காலை, மாலை என்று கோடு போட்டு, ஆஸ்பத்திரியில் ஒட்டுகிற மாதிரி. காலைக் கட்டத்தில் அவள் எழுத்து, முத்து முத்தாக: 'ஆறு மணி, போட்டாச்சு.' பக்கத்தில் பேனாவை நூலில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறாள்.

மாலைக் கட்டத்தில் நான் எழுத வேண்டுமாம்.

அவள் எழுத்துக்குப் பக்கத்தில் என் எழுத்தா? வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம் பார்க்கவா? நான் ஊசி போட்டது பெரியவருக்குத் தெரியும். போதும்.

ஏப்ரல் 6, திங்கள்

அவளும் காகிதத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. மாலைக் கட்டம் எல்லாம் காலி. நான் அந்தப் பக்கம் கண்ணைக்கூடத் திருப்புவதில்லை.

பெரியவருக்கு உடம்பில் சதை பிடித்திருக்கிறது. வாலை ஆட்டுகிறார், நிஜமாக. அவளுடைய பழைய புடவையை மடித்துப் போட்டிருக்கிறாள், அதில்தான் படுக்கை. அவள் செருப்பைத் தலைக்கு வைத்துக்கொண்டு தூங்குகிறார். நான் போனால் எழுந்து நின்று பார்த்துவிட்டு, அவள் இல்லை என்றதும் மறுபடி படுக்கிறார்.

எட்டு மாசம் யார் கழுவினது அவர் கூண்டை?

ஏப்ரல் 10, வெள்ளி

டாக்டர் வந்து பார்த்தார். சர்க்கரை நன்றாக இறங்கியிருக்கிறதாம். இன்னும் இரண்டு வருஷம், மூன்று வருஷம்கூட இருப்பார் என்றார். "நல்ல இடமாப் பிடிச்சீங்கம்மா."

அவளைத்தான் புகழ்கிறார். என்னைச் சொல்கிற மாதிரி சொல்கிறார்.

ஏப்ரல் 17, வெள்ளி

நேற்று எழுத முடியவில்லை. இன்று எழுதுகிறேன். வரிசையாக எழுதுகிறேன்.

பஸ் வரவில்லை. ஆறு நாற்பதுக்குப் போய்ச் சேர்ந்தேன். வாசலில் அவள் செருப்பு. பார்த்தேன். வேலைக்குப் போகவில்லை. படுக்கையறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே இருமல்.

கதவைத் தட்டிக் கேட்டிருக்கலாம். ஒரு வார்த்தை. 'போட்டியா' என்று ஒரு வார்த்தை. பெரியவர் வழியாகக் கேட்கலாம் என்றால் அவர் கூடத்தில், அவள் கதவுக்கு அந்தப் பக்கம்.

கிண்ணத்தைப் பார்த்தேன். கழுவிக் கவிழ்த்திருந்தது. இன்னும் சாப்பிடவில்லை என்று நினைத்தேன். கறியும் காயும் வேகவைத்தது இருந்தது, போட்டேன். சாப்பிட்டார். அவர் எப்போது போட்டாலும் சாப்பிடுவார், அந்த வியாதி அப்படி, எனக்குத் தெரியாதா? ஃப்ரிட்ஜைத் திறந்தேன். மருந்தை எடுத்தேன். கதவை மூடினேன். காகிதம் என் மூக்குக்கு நேரே இருந்தது.

பார்க்கலை. நான் பார்க்கலை. பதினாலு நாளா பார்க்காம இருந்து பழகிப்போச்சு.

ஊசி போட்டேன். நன்றாகத்தான் போட்டேன், அவர் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

ஏழே முக்காலுக்கு எழுந்தார். தண்ணீர்க் கிண்ணத்துக்குப் போகிறவர் சுவரில் போய் முட்டிக்கொண்டார். திரும்பி மறுபடி முட்டினார். அப்புறம் நாலு காலும் விலகி, அப்படியே கீழே. உடம்பு வெட்டி வெட்டி இழுத்தது.

கதவை இரண்டு கையாலும் அடித்தேன். "ஏய்! ஏய்! வெளியே வா!"

வந்தாள். காய்ச்சலில் முகம் சிவந்திருந்தது. ஒரு பார்வைதான்.

"ஊசி போட்டியா?"

"போட்டேன்."

"நானும் போட்டேன்."

இருபத்தொன்பது வருஷத்துக்கு அப்புறம் நாங்கள் நேருக்கு நேர் பேசியது இது.

சர்க்கரையைக் கரைத்து ஈறில் தேய்த்தாள். அவள் விரலைக் கடித்தார், வேண்டுமென்று இல்லை, இழுப்பில். இரத்தம் வந்தது, அவள் எடுக்கவில்லை. நான் வேன்காரருக்கு ஃபோன் போட்டேன். வண்டியில் பெரியவர் தலை அவள் மடியில். என் மடியில் கால்கள். பாலத்தைத் தாண்டுகிறபோது கால்கள் நின்றுவிட்டன. நான் சொல்லவில்லை. டாக்டர் வீடு வரைக்கும் சொல்லவில்லை. அவளுக்கும் தெரிந்திருக்கும், நர்ஸ்.

டாக்டர் வீட்டில் இருந்தவர்கள்: டாக்டர், டாக்டரின் மனைவி, வேன்காரர், ஃபோன் கேட்டு ஓடி வந்த மேனேஜர், அவள், நான்.

டாக்டர் நெஞ்சைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கேட்டார், "உயிர் இல்ல. ரெண்டு ஊசி விழுந்திருக்கு, யார் போட்டது?"

நான் வாயைத் திறந்தேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள். ஊசிக்குத் திமிறுகிற நோயாளியைப் பிடிக்கிற பிடி.

"நான்தான் டாக்டர். ஆறு மணிக்குப் போட்டேன். காய்ச்சல்ல மறந்துட்டு மறுபடியும் போட்டுட்டேன். அக்கா வரதுக்கு முன்னாடியே ரெண்டும் நடந்துபோச்சு. அக்கா பாவம், வந்து பார்த்துப் பயந்துட்டா."

மேனேஜர் அவளை மேலும் கீழும் பார்த்தாள். "முப்பது வருஷம் நர்ஸா இருந்தீங்களாமே. மனுஷங்களுக்கெல்லாம் எப்படிப் போட்டீங்களோ, தெய்வமே."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். விரலிலிருந்து இரத்தம் டாக்டர் வீட்டுத் தரையில் சொட்டிற்று.

நான் ஏன் பேசலை? வேலை போயிடும்னா? ஆமா. வேலை போனா மூணாவது மாடி பால்கனியில நாள் முழுக்க உக்காந்திருக்கணும். அதனாலதான். வேற காரணம் தேடினேன், கிடைக்கலை.

ஏப்ரல் 18, சனி

போனேன். அவள் வாசலைக் கழுவிக்கொண்டிருந்தாள். உள்ளே கூப்பிடவில்லை.

"எதுக்குடி அப்படிச் சொன்னே?"

"உனக்கு வேலை வேணும். எனக்கு இனிமே யார்கிட்ட நல்ல பேரு வாங்கணும்?"

"நான் கேட்டேனா உன்னை?"

"கேக்க மாட்டே. நீ எதையும் கேக்க மாட்டே." தண்ணீரை என் காலடி வரைக்கும் வீசி ஊற்றினாள். "ஆறு மணிக்குப் போட்டதும் மாலைக் கட்டத்துல எழுதி வெச்சேன், நீ வருவேன்னுதான். ஃப்ரிட்ஜ் கதவு சத்தமும் கேட்டுச்சு. படிச்சிருப்பேன்னு படுத்துட்டேன். அந்தக் காகிதத்தை அவங்ககிட்டக் காட்டியிருக்கணுமா? கிழிச்சு அடுப்புல போட்டுட்டேன். போய் உன் வேலையைப் பாருக்கா."

கதவைச் சாத்திக்கொண்டாள். அக்கா என்றாளே, அதைக் கோபமாகவாவது சொல்லியிருக்கலாம்.

ஏப்ரல் 26, ஞாயிறு

பார்க்க வருகிற நாள். நாலு நாய்கள் போயின. பின்பக்கத்துக் கூண்டுகளை இடித்துச் சிமெண்டு போட்டுவிட்டார்கள், நான்தான் தண்ணீர் தெளித்தேன்.

மேனேஜர் முதல் தடவையாக என்னை உட்காரச் சொன்னாள். "உங்க தங்கச்சி பண்ணினதுக்கு நீங்க என்ன செய்வீங்க. மனசை விட்டுடாதீங்க" என்றாள். நான் தலையாட்டினேன். டாக்டர் அதையே சொன்னார். தலையாட்டினேன். வேன்காரர், "தங்கமான மனுஷின்னு நான்தான் சொல்லித் தொலைச்சேன்" என்று நெற்றியில் அடித்துக்கொண்டார். அதற்கும் தலையாட்டினேன். கிளினிக்கில் அவளை நிறுத்திவிட்டார்களாம். ஊசியையே இரண்டு தடவை போடுகிறவளை எப்படி வைத்துக்கொள்வது என்றார்களாம். மகள் வந்து சொன்னாள். சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டேன். தட்டை வழித்துச் சாப்பிட்டேன்.

இன்று உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன், யார் யார் மேல் எனக்குக் கோபம் மிச்சம் இருக்கிறது என்று. சோபாவுக்காகப் பெரியவரை விட்டுவிட்டுப் போனவர்களை விட்டுவிடலாம். ஒன்பதாம் நாள் திருப்பிக் கொடுத்தவளையும் விட்டுவிடலாம். பல் பார்த்தவன், மேனேஜர், லிஃப்ட் போடச் சொன்ன மாப்பிள்ளை, எல்லாரையும் விட்டாயிற்று. ஆச்சரியமாகத்தான் இருக்கிறது, ஒருவர் முகமும் இப்போது எரியவில்லை. என்னை மன்னிப்பதா வேண்டாமா என்பது வேறு கதை. என்னோடு நான் தினமும் சாப்பிட்டு எழுந்திருக்க வேண்டியிருக்கிறது, எப்படியாவது சமாளித்துக்கொள்வேன்.

அன்றைக்கு அத்தனை பேர் நடுவில் என்னைக் கைநீட்டி, 'இவதான் கொன்னா' என்று ஒருத்தி சொல்லியிருந்தால் நான் அவளோடு சாகிற வரை சண்டை போட்டிருப்பேன். அதற்கு எனக்குத் தெம்பு இருக்கிறது. இப்படிச் செய்ததற்குத்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை. எனக்குச் சேர வேண்டிய ஏச்சு முழுவதையும் அவள் நின்று வாங்கிக்கொண்டாள், என்னை இங்கே நல்லவளாக நாற்காலியில் உட்கார வைத்துவிட்டாள்.

மன்னிக்க மாட்டேன். ஒருத்தியை மட்டும் மாட்டேன்.

என் தங்கச்சியை.